சளிக்காய்ச்சல் இரத்தப் பரிசோதனையும் கட்டணக் குறியீடும்



ஞாயிற்றுக்கிழமை மாலையில் தேக்கா பக்கம் போய்வந்தவர்களுக்குத் தெரியும், அங்கே தோளோடு தோள் உரசாமல் நடக்க முடியாது. சிராங்கூன் சாலையின் நடைபாதையில் ஒருவர் தும்மினால் பத்துப் பேர் திரும்பிப் பார்க்கிறோம். நம் தீவில் பனிக்காலம் கிடையாது. ஆகவே இன்ஃபுளுவென்சா என்னும் சளிக்காய்ச்சல் ஆண்டு முழுவதும் நம்மோடு இருந்துகொண்டே இருக்கிறது. ஆண்டு முடிந்து பிறக்கும் மாதங்களிலும், பிறகு ஆண்டின் நடுப்பகுதியிலும் சற்று அதிகமாகத் தலைகாட்டுகிறது.

இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது அந்தக் காய்ச்சலுக்காகச் செய்யப்படும் ஓர் இரத்தப் பரிசோதனையைப் பற்றி. அந்தப் பரிசோதனை கட்டணச் சீட்டில் எவ்வாறு ஒரு குறியீடாக மாறுகிறது, அந்தக் குறியீட்டினால் நம் பணப்பைக்கு என்ன நேர்கிறது என்பதையும் சேர்த்தே பார்ப்போம்.

ஓர் உதாரணத்தோடு தொடங்கலாம். கேம்பல் லேனில் மளிகைக் கடை வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். மூன்று நாளாகக் காய்ச்சல், உடல்வலி, இருமல். மருந்தகத்திற்குப் போகிறார். "டாக்டர், இரத்தம் எடுத்துப் பாருங்களேன். ஃபுளூவா இல்லையா என்று தெரிந்துவிடட்டும்" என்கிறார். மருத்துவரும் எழுதிக் கொடுக்கிறார். தாதி இரத்தம் எடுக்கிறார். சில நாள் கழித்து இரண்டு தாள்கள் வருகின்றன. ஒன்று சோதனை முடிவு. அதில் 40 என்று ஓர் எண். மற்றொன்று கட்டணச் சீட்டு. அதில் மருத்துவர் கட்டணம், இரத்தம் எடுத்த கட்டணம், இன்ஃபுளுவென்சா ஏ எதிர்ப்பொருள், இன்ஃபுளுவென்சா பி எதிர்ப்பொருள் என்று நான்கு வரிகள். மகன் வேலை பார்க்கும் நிறுவனம் எடுத்துத் தந்திருக்கும் குடும்பக் காப்புறுதிக்குச் சீட்டை அனுப்புகிறார்கள். இரத்தப் பரிசோதனைக்குரிய பணம் மட்டும் மறுக்கப்படுகிறது. "மருத்துவத் தேவை காட்டப்படவில்லை" என்று ஒரே வரியில் பதில்.

பெரியவருக்குக் கோபம். ஆனால் இங்கே யாரும் அவரை ஏமாற்றவில்லை. சோதனைக்கூடம் தவறு செய்யவில்லை. பெரியவர் கேட்ட கேள்விக்கு அந்தச் சோதனையால் விடை சொல்ல முடியாது என்பதுதான் செய்தி. அது எப்படி என்று பார்ப்போம்.

வைரஸ் நம் உடலுக்குள் நுழைந்ததும், அதை எதிர்க்க உடல் சில புரதங்களை உண்டாக்குகிறது. அவற்றையே எதிர்ப்பொருள் என்கிறோம். அவை உடனே தோன்றிவிடுவதில்லை. இரத்தத்தில் கண்டறியும் அளவுக்குப் பெருக ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். உச்சத்தை எட்ட இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். அதற்குள் பெரும்பாலோருக்குக் காய்ச்சல் விட்டுப்போயிருக்கும். ஆக, காய்ச்சலின் மூன்றாம் நாளில் எடுத்த இரத்தத்தில் இன்றைய வைரஸுக்கு எதிரான பொருள் இன்னும் உருவாகியே இருக்காது. பெரியவரின் தாளில் இருந்த 40 என்ற எண் போன ஆண்டு வந்துபோன காய்ச்சலின் மிச்சமாக இருக்கலாம். அவர் போட்டுக்கொண்ட தடுப்பூசியின் பயனாகவும் இருக்கலாம். சோதனைக்கு அந்த வேறுபாடு தெரியாது.

அந்த எண் எங்கிருந்து வருகிறது என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. 1941ஆம் ஆண்டில் ஜார்ஜ் ஹெர்ஸ்ட் என்ற அமெரிக்க அறிஞர் கோழிக் கருமுட்டையில் இன்ஃபுளுவென்சா வைரஸை வளர்த்துக்கொண்டிருந்தார். அந்த முட்டை நீரோடு கோழியின் இரத்தம் கலந்தபோது, சிவப்பணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதைக் கண்டார். வைரஸ்தான் அவற்றை ஒட்டவைக்கிறது. நோயாளியின் இரத்தம் உறைந்தபின் தெளிந்து நிற்கும் நீரை, அதாவது சீரத்தை, முன்கூட்டியே வைரஸோடு சேர்த்துவிட்டால் என்ன ஆகும்? அதில் எதிர்ப்பொருள் இருந்தால் அது வைரஸைப் பிடித்துக்கொள்ளும், சிவப்பணுக்கள் ஒட்டமாட்டா. ஒட்டாத அணுக்கள் குழியின் அடியில் உருண்டு சேர்ந்து, குங்குமப் பொட்டு வைத்தது போலத் தெரியும். எதிர்ப்பொருள் இல்லாவிட்டால் பொட்டு விழாது. குழி முழுவதும் மெல்லிய சிவப்புப் படலம் பரவியிருக்கும்.

சீரத்தைப் பத்து மடங்கு நீர்த்து ஒரு குழி, இருபது மடங்கு நீர்த்து அடுத்த குழி, பிறகு நாற்பது, எண்பது என்று வைத்துக்கொண்டே போவார்கள். எந்தக் குழிவரை பொட்டுத் தெரிகிறதோ அதுவே எண். நாற்பது என்றால், நாற்பது மடங்கு நீர்த்த பிறகும் வைரஸை அடக்கும் ஆற்றல் இருந்தது என்று பொருள். எல்லாச் சோதனைக்கூடங்களும் இதே முறையைக் கையாள்வதில்லை. வேறு முறைகளும் உண்டு. ஆனால் எந்த முறையானாலும் ஒரு விதி பொது. காய்ச்சல் வந்தவுடன் ஒரு முறையும், இரண்டு மூன்று வாரம் கழித்து மறுமுறையும் இரத்தம் எடுத்து, இரண்டையும் ஒன்றாக வைத்துச் சோதிக்க வேண்டும். முதல் எண் பத்தாக இருந்து இரண்டாவது எண் நாற்பதோ அதற்கு மேலோ ஆகியிருந்தால், அதாவது நான்கு மடங்கு ஏறியிருந்தால், அண்மையில் வந்தது இன்ஃபுளுவென்சாதான் என்று கொள்ளலாம். இடையில் தடுப்பூசி போட்டிருக்கக் கூடாது. ஒற்றை இரத்தம் ஒற்றைச் செருப்பு மாதிரி. விலை கொடுத்து வாங்கலாம், போட்டுக்கொண்டு நடக்க முடியாது.

அப்படியானால் காய்ச்சலோடு இருப்பவருக்கு ஏற்ற சோதனை எது? மூக்கின் உள்ளே பஞ்சுக் குச்சியை விட்டு எடுக்கும் சளி மாதிரிதான். அதில் வைரஸின் புரதத்தைத் தேடும் விரைவுச் சோதனை உண்டு. வைரஸின் மரபுப் பொருளைத் தேடும் பிசிஆர் சோதனையும் உண்டு, பின்னது நுட்பமானது. இன்ஃபுளுவென்சாவுக்கான மருந்தை முதல் 48 மணி நேரத்திற்குள் தொடங்கினால் பயன் அதிகம் என்பதால், விரைவாகக் கிடைக்கும் விடைக்குத்தான் மதிப்பு. மூன்று வாரம் கழித்து வரும் இரத்த முடிவால் அன்றைய மருந்துச் சீட்டில் ஓர் எழுத்தும் மாறப்போவதில்லை.

இனிக் குறியீட்டுக்கு வருவோம். மருத்துவர் எழுதுவது சொல். காப்புறுதிக் கணினிக்குச் சொல் புரியாது, எண்தான் புரியும். ஆகவே இரண்டு வகைக் குறியீடுகள் வேண்டியிருக்கின்றன. ஒன்று, நோயாளிக்கு என்ன என்பதைச் சொல்வது. மற்றொன்று, அவருக்கு என்ன செய்யப்பட்டது என்பதைச் சொல்வது.

நோய்க் குறியீடு பணத்துக்காகப் பிறந்ததன்று. ஊருக்கு ஊர் இறப்புக் காரணங்களை ஒரே முறையில் எண்ணிப் பார்ப்பதற்காகப் பிறந்தது. பாரிஸ் நகரத்துப் புள்ளியியல் அறிஞர் ஜாக் பெர்ட்டியோன் வகுத்த பட்டியல் 1893இல் சிக்காகோ நகரில் நடந்த புள்ளியியல் மாநாட்டில் வைக்கப்பட்டது. 1948இல் உலகச் சுகாதார நிறுவனம் அதைத் தன் பொறுப்பில் எடுத்து, இறப்போடு நோய்களையும் சேர்த்தது. பத்தாவது திருத்தம் 1990இல் ஏற்கப்பட்டது. அதன் ஆஸ்திரேலிய வடிவத்தைச் சிங்கப்பூர் 2012 முதல் பயன்படுத்தத் தொடங்கியது. பதினோராவது திருத்தமும் 2022இல் உலக அளவில் நடைமுறைக்கு வந்துவிட்டது. நாடுகள் ஒவ்வொன்றாக அதற்கு மாறுகின்றன.

பத்தாவது திருத்தத்தில் சளிக்காய்ச்சலுக்கு உள்ள இடங்களைப் பாருங்கள். வைரஸ் இன்னதென்று சோதனையில் கண்டறியப்பட்டிருந்தால் ஜே10. நோயின் தோற்றத்தைக் கொண்டு இன்ஃபுளுவென்சா என்று மருத்துவர் முடிவு செய்திருக்கிறார், ஆனால் வைரஸ் கண்டறியப்படவில்லை என்றால் ஜே11. பறவைக் காய்ச்சல் போன்ற சில தனி வகைகளுக்கு ஜே09. காய்ச்சல் என்று மட்டும் எழுதியிருந்தால் ஆர்50.9. நோயே இல்லாமல் தடுப்பூசிக்காக மட்டும் வந்தவருக்கு இசட்25.1. இந்த எண்களைப் போடும் குறியீட்டாளர் மருத்துவரின் குறிப்பைத்தான் பின்பற்ற வேண்டும். சோதனைத் தாளில் 40 என்று இருப்பதைப் பார்த்துத் தாமாகவே ஜே10 போட்டுவிட அவருக்கு உரிமை இல்லை.

செய்த காரியத்திற்கான குறியீடு நாட்டுக்கு நாடு வேறு. அமெரிக்காவில் மருத்துவர் சங்கம் 1966இல் முதன்முதலாக வெளியிட்ட பட்டியலே இன்றும் ஆட்சி செய்கிறது. அதில் இன்ஃபுளுவென்சா எதிர்ப்பொருள் சோதனைக்கு 86710. கைவிரலால் அன்றி நரம்பில் ஊசியிட்டு இரத்தம் எடுத்ததற்கு 36415. மூக்குச் சளியின் விரைவுச் சோதனைக்கு 87804. இந்த எண்கள் நம் தமிழ் மக்களுக்கு அந்நியமானவை அல்ல. சென்னையிலும் கோவையிலும் திருச்சியிலும் ஆயிரக்கணக்கான பட்டதாரிகள், எங்கோ ஓர் அமெரிக்க நகரத்து நோயாளியின் குறிப்பைப் படித்து, இதே எண்களைப் போட்டுத்தான் சம்பாதிக்கிறார்கள். அங்கு ஏ வகைக்கும் பி வகைக்கும் தனித்தனியே சோதித்திருந்தால், 86710 என்ற ஒரே எண் இரண்டு முறை வரும். அது இரட்டைக் கணக்கன்று. இரண்டு வேறு சோதனை. ஆனால் எந்த இரண்டு என்பது சீட்டில் தெளிவாக இல்லாவிட்டால், இரண்டாவது வரியைக் காப்புறுதிக் கணினி தள்ளிவிடும்.

சிங்கப்பூரில் அந்த அமெரிக்க எண்கள் செல்லுபடி ஆவதில்லை. இங்கே சுகாதார அமைச்சின் அறுவைச் சிகிச்சை அட்டவணை ஒன்று உண்டு. 1ஏ முதல் 7சி வரை தரம் பிரித்து, மெடிசேவ், மெடிஷீல்ட் லைஃப் கோரிக்கைகளுக்குப் பயன்படுகிறது. இரத்தப் பரிசோதனை அறுவைச் சிகிச்சை அன்று; ஆகவே அந்த அட்டவணையில் அதற்கு இடமில்லை. நம் கட்டணச் சீட்டில் அது சோதனைக்கூடக் கட்டணமாகத்தான் வரும். வரி எப்படி இருந்தாலும் காப்புறுதியாளர் கேட்பது ஒன்றுதான்: நோய்க் குறிப்புக்கும் செய்த சோதனைக்கும் பொருத்தம் இருக்கிறதா?

நம் பெரியவரின் சீட்டில் பொருத்தம் எங்கே அறுந்தது என்பது இப்போது விளங்கும். நோய்க் குறிப்பு, மூன்று நாள் காய்ச்சல். சோதனையோ, மூன்று வாரத்துக்குப் பின்னர் பேசக்கூடியது. அதிலும் இரண்டாவது இரத்தம் எடுக்கப்படவே இல்லை. பரிசீலித்தவர், "இந்த முடிவை வைத்துக்கொண்டு சிகிச்சையில் என்ன மாற்றம் செய்தீர்கள்?" என்று கேட்டிருப்பார். விடை இல்லை, பணமும் இல்லை.

அப்போது சிலருக்கு ஒரு யோசனை தோன்றும். மருத்துவரிடம் திரும்பப் போய், "வைரஸ் உறுதியானது என்று எழுதிக் கொடுத்துவிடுங்களேன், காப்புறுதி கொடுத்துவிடும்" என்று கேட்கலாமே என்று. நேயர்களே, இது கூடவே கூடாது. பொய்க் கோரிக்கை சட்டப்படி குற்றம் என்பது ஒரு பக்கம். அந்தக் குறியீடு பணம் கொடுத்ததோடு அழிந்துபோவதில்லை என்பது மறுபக்கம். அது நம் மருத்துவப் பதிவேட்டில் தங்கும். நாளைக்கு வேறொரு மருத்துவர் அதை நம்புவார். ஊரில் எத்தனை பேருக்கு இன்ஃபுளுவென்சா என்று கணக்கெடுப்பவரும் அதை நம்புவார். குறிப்பில் உண்மையாகவே பிழை இருந்தால் திருத்தக் கேட்பது நம் உரிமை. பிழை இல்லாத குறிப்பைப் பணத்துக்காக வளைக்கச் சொல்வது வேறு.

சரி, இந்த ஊரில் யார் எதற்குப் பணம் தருகிறார்கள் என்பதையும் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். 1984இல் தொடங்கிய மெடிசேவ், மருத்துவமனையில் தங்கிச் செய்யும் சிகிச்சைக்கும் அனுமதிக்கப்பட்ட சில வெளிநோயாளிச் சிகிச்சைகளுக்கும் உரியது. சளிக்காய்ச்சலுக்கு மருந்தகத்தில் எடுக்கும் இரத்தப் பரிசோதனைக்கு அது பொதுவாகக் கைகொடுக்காது. 60 வயதைக் கடந்தவர்களுக்கு மட்டும், ஃபிளெக்சி மெடிசேவ் என்ற பெயரில், பலதுறை மருந்தகம் போன்ற குறிப்பிட்ட இடங்களில் ஓரளவு வெளிநோயாளிச் செலவுக்கு வழியுண்டு. 2015இல் வந்த மெடிஷீல்ட் லைஃப் பெரிய மருத்துவமனைச் செலவுகளுக்கானது. ஆகவே இத்தகைய சோதனையின் வெள்ளி பெரும்பாலும் நம் கையிலிருந்தோ நிறுவனக் காப்புறுதியிலிருந்தோதான் போகும்.

அதே வேளையில் சளிக்காய்ச்சல் தடுப்பூசியைப் பாருங்கள். 2017இல் வகுக்கப்பட்ட பெரியவர்களுக்கான தேசியத் தடுப்பூசி அட்டவணையில் அது இருக்கிறது. 65 வயதைக் கடந்தோருக்கும், நீரிழிவு, ஆஸ்துமா போன்ற நாட்பட்ட நோயுள்ளோருக்கும், கர்ப்பிணிகளுக்கும் அது பரிந்துரைக்கப்படுகிறது. அவர்கள் அதற்கு மெடிசேவைப் பயன்படுத்தலாம். "முதலில் இரத்தம் எடுத்து எதிர்ப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பிறகு ஊசி போட்டுக்கொள்கிறேன்" என்று சொல்வோர் உண்டு. அது வீண் செலவு. வைரஸ் தன் உருவை மாற்றிக்கொண்டே போவதால், பழைய எதிர்ப்பு இருந்தாலும் புதிய ஊசி வேண்டியதுதான்.

வெளிநாட்டு ஊழியராக இங்கே வந்திருக்கும் தம்பிமார்களுக்கும் ஒரு வார்த்தை. வேலை அனுமதிச் சீட்டில் இருப்போரின் மருத்துவச் செலவு முதலாளியின் பொறுப்பு என்பது சட்டம். 2023 ஜூலை முதல் முதலாளி எடுக்க வேண்டிய காப்புறுதி ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளி. ஆனால் அது மருத்துவமனையில் தங்குவதற்கும் அன்றே வீடு திரும்பும் அறுவைச் சிகிச்சைக்கும் உரியது. தங்குவிடுதிகளில் இருப்போருக்கும் கட்டுமானம், கப்பல் பட்டறை போன்ற துறைகளில் இருப்போருக்கும் சாதாரண மருந்தகச் சிகிச்சைக்கென்று 2022 முதல் தனித் திட்டம் ஒன்று இருக்கிறது. ஆகவே யாராவது ஒரு தாளை நீட்டி, "இரத்தம் எடுக்க வேண்டும், இங்கே கையெழுத்துப் போடு" என்றால், "எதற்காக இந்தச் சோதனை, யார் கணக்கில் போகும்?" என்று கேட்க அஞ்ச வேண்டாம். ஆங்கிலம் வராவிட்டால் தமிழில் கேளுங்கள். விளக்கம் கிடைத்தபின் கையெழுத்திடுங்கள்.

இவ்வளவும் கேட்டபின், அந்த எதிர்ப்பொருள் சோதனை பயனற்றதோ என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு மனிதருக்கு அது உதவாத இடத்தில், ஓர் ஊருக்கு உதவுகிறது. 2009இல் எச்1என்1 என்னும் புதிய காய்ச்சல் சிங்கப்பூருக்கு வந்தது. அந்த அலைக்கு முன்னும் பின்னும் பல பிரிவு மக்களிடம் இரத்தம் எடுத்து, நாம் முன்பு பார்த்த நான்கு மடங்கு விதியைக் கொண்டே நம் ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். பொதுமக்களான பெரியவர்களில் ஏறக்குறைய 13 விழுக்காட்டினரும், ராணுவத்தினரில் 29 விழுக்காட்டினரும், மருத்துவமனை ஊழியரில் 7 விழுக்காட்டினரும் தொற்றுக்கு ஆளாகியிருந்தது 2010இல் வெளியான அந்த ஆய்வில் தெரியவந்தது. மருந்தகத்துக்கே போகாமல், லேசான இருமலோடு கடந்துபோனவர்களையும் இரத்தம் காட்டிக்கொடுத்தது. கட்டணச் சீட்டுகளை மட்டும் எண்ணியிருந்தால் அவர்கள் கணக்கில் வந்திருக்கவே மாட்டார்கள்.

இன்னும் பின்னே போனால், 1957இல் ஆசியக் காய்ச்சல் உலகைச் சுற்றி வந்தது. அந்த வைரஸை இங்கே பிரித்தறிந்த பணியில் முன்னின்றவர், சதுரங்க உலகிலும் பெயர்பெற்ற நம் நுண்ணுயிரியல் அறிஞர் லிம் கோக் ஆன். அந்த வைரஸின் பெயர் ஏ/சிங்கப்பூர்/1/57. இதுவும் ஒரு குறியீடுதான். முதலில் வகை, அடுத்து ஊர், பிறகு வரிசை எண், கடைசியில் ஆண்டு. பின்னாளில் ஏ/சிங்கப்பூர்/6/86 என்ற வைரஸ் தடுப்பூசியிலேயே இடம்பெற்றது. உலகெங்கும் எத்தனையோ கைகளில் நம் ஊரின் பெயர் தாங்கிய ஊசி ஏறியிருக்கிறது. குறியீடு உண்மையாக எழுதப்பட்டால் எவ்வளவு தூரம் பயணம் செய்யும் என்பதற்கு இது நல்ல சான்று.

நம் மளிகைக் கடைப் பெரியவருக்குத் திரும்புவோம். அடுத்த முறை காய்ச்சல் வரும்போது அவர் செய்ய வேண்டியது கடினமானதன்று. இரத்தம் எடுக்குமுன், "இந்தச் சோதனையின் முடிவு எப்போது வரும்? வந்தால் என் சிகிச்சை மாறுமா?" என்று மருத்துவரைக் கேட்கட்டும். "இதற்கு என்ன கட்டணம், என் காப்புறுதி ஏற்குமா?" என்று முகப்பில் கேட்கட்டும். சீட்டுக் கைக்கு வந்ததும், ஒவ்வொரு வரியும் தமக்குச் செய்யப்பட்ட காரியம்தானா என்று, மளிகைச் சாமான் வந்திறங்கும்போது சரக்குப் பட்டியலைச் சரிபார்ப்பது போலவே சரிபார்க்கட்டும். கடையில் ஒரு மூட்டை துவரம்பருப்புக் குறைந்தால் விடாதவர், தம் உடம்பைப் பற்றிய கணக்கில் மட்டும் ஏன் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும்?

கேட்பது மரியாதைக் குறைவன்று. கேட்டுத் தெளிபவரை நல்ல மருத்துவர் எவரும் மதிக்கவே செய்வார்.